நடுகல் படங்களும் பத்தாண்டுக் கணினியும்: எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம் ஐயா. உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

பாலக்கோடு பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகற்களைத் தேடிப் போய்ப் படமெடுக்கிறீர்கள். அந்தப் படங்களை மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருளில் சேர்த்து முப்பரிமாண உருவமாக்கவும் தொடங்கியிருக்கிறீர்கள். வீட்டில் இருப்பது 2014இல் வாங்கிய கணினி: இன்டெல் ஐ5-4460, எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். பிளஸ் டூ படிக்கும் மகளுக்கும், மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை எக்செல்லில் எழுதும் உங்கள் மனைவிக்கும் அந்த ஒரு கணினிதான். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் 500 ஜிபி எஸ்எஸ்டி, இன்னொரு 8 ஜிபி ரேம், பயன்படுத்திய ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு ஆகிய மூன்றையும் வாங்கி வந்து ஒரே நாளில் பொருத்தினீர்கள். அதன் பிறகு காலையில் சில நாள் ஃபேன் மட்டும் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வருவதில்லை. தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறது. மாலையில் முப்பரிமாண வேலை நடக்கும்போது கணினி திடீரென அணைகிறது. எஸ்எஸ்டிக்கு நகலெடுத்த சில படங்கள் பாதி சாம்பல் நிறமாகத் திறக்கின்றன. கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறுகிறது. உள்ளூர்க் கடையில் காட்டியதற்கு, மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்கிறார்கள்.

வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்ல ஓர் அடையாளமும் எனக்குத் தெரியவில்லை. குறைந்தது மூன்று தனித்தனிக் கோளாறுகள் தெரிகின்றன. அவற்றில் இரண்டு, புதுப் பாகங்கள் வருவதற்கு முன்பே உங்கள் வீட்டில் இருந்தவை. மூன்று பாகங்களும் ஒரே நாளில் உள்ளே போனதால் எது எதனால் என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போயிருக்கிறது. ஆகவே பழைய நிலைக்குத் திரும்பி, ஒவ்வொன்றாக மீண்டும் சேர்ப்பதுதான் வழி.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கணினியை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கை உருவி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். புது ரேமையும் கிராபிக்ஸ் கார்டையும் கழற்றி எடுத்து வையுங்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டிலேயே இருக்கும் விஜிஏ துளையில் செருகுங்கள். உங்கள் ஐ5-4460க்குள்ளேயே இன்டெல் எச்டி 4600 கிராபிக்ஸ் இருக்கிறது; மகளின் பாடத்துக்கும் குழுக் கணக்குக்கும் அது தாராளம். எஸ்எஸ்டி இருக்கட்டும், அதன் மேல் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. ஒரு பொறுப்பு மட்டும் உங்களுடையது: புது ரேம் உள்ளே இருக்கும்போது ஒரு படத்தைக்கூட நகலெடுக்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள்.

காரணம் இது. விண்டோஸ் ஒரு கோப்பை நகலெடுக்கும்போது அதை நேராக ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப் போடுவதில்லை. ரேமில் வாங்கி, அங்கிருந்து எழுதுகிறது. ரேமில் ஓர் இடம் கெட்டிருந்தால், அந்த வழியாகப் போன கோப்பில் ஓரிரு பிட் மாறிவிடும். நகல் முடிந்தது என்றே கணினி சொல்லும். ஜேபெக் படத்தில் நடுவே ஒரு பிட் மாறினாலும் அதன் பிறகு வரும் பகுதி முழுவதும் நிறம் திரிந்தோ சாம்பலாகவோ போகலாம். நீங்கள் அனுப்பிய மாதிரிப் படத்தில் வீரனின் தலையும் ஓங்கிய வாளும் தெளிவாக இருக்கின்றன. இடுப்புக்குக் கீழே ஒரே சாம்பல். ரேம் கெட்டால் இப்படித்தான் வரும் என்பதால் அதன் மேல்தான் என் முதல் சந்தேகம்.

ஹார்ட் டிஸ்க்கையும் விட்டுவிடக் கூடாது. பழைய ரேமோடு மட்டும் கணினியை ஓட்டி, சாம்பலாகிப்போன படத்தின் மூலக்கோப்பை ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே திறந்து பாருங்கள். மூலம் நன்றாக இருந்தால் கெட்டது நகல்தான். அழித்துவிட்டு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மூலமே கெட்டிருந்தால் கேமராவின் மெமரி கார்டைத் தேடி எடுங்கள். அதை ஃபார்மேட் செய்திருந்தாலும் அதன் மேல் புதிதாகப் படமெடுக்காமல் இருந்தால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். இந்த வேலை முடியும்வரை அந்தக் கார்டில் ஒரு படமும் எடுக்காதீர்கள். வரும் ஞாயிறுக்கு வேறொரு கார்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சிறு மென்பொருளை நிறுவி, இரண்டு டிஸ்க்கின் கணக்கையும் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் 05, சி5 என்ற இரண்டு வரிகள் முக்கியம். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள். இரண்டும் சுழியமாக இருந்தால் நல்லது. சி5 நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. அன்றைக்கு வேறு எந்தச் சோதனையும் செய்யாமல் படங்களை வெளியே எடுப்பதை மட்டும் செய்யுங்கள். சி7 என்றொரு வரியும் இருக்கும். அது டிஸ்க்கின் குறை அல்ல, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் குறை. போகிற வழியில் தரவு சிதைந்து, திரும்பக் கேட்டு வாங்கிய தடவைகளைக் காட்டும். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் புதுக் கேபிள் போடுங்கள். கேபிள் கோளாறு பெரும்பாலும் வேகத்தைத்தான் குறைக்கும், படத்தைக் கெடுக்காது. சாம்பல் படத்துக்கு ரேமையே நான் முதலில் சந்தேகிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எஸ்எஸ்டி எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். எச்81இல் நான்கு சாட்டா துளைகளில் இரண்டுதான் நொடிக்கு 6 ஜிகாபிட் வேகம். மற்ற இரண்டும் அதில் பாதி. மதர்போர்டில் துளையின் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள்.

படங்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, அதைத் தருமபுரியில் உறவினர் வீட்டில் வையுங்கள். நீங்கள் படமெடுத்த கற்களில் எத்தனை வயல் வரப்பிலும் சாலையோரத்திலும் நிற்கின்றன என்று உங்களுக்கே தெரியும். சாலை அகலமாகும்போதும் நிலம் கைமாறும்போதும் அவை எங்கே போகின்றன என்று யாரும் எழுதி வைப்பதில்லை. எழுத்துத் தேய்ந்த ஒரு கல்லுக்கு உங்கள் படம் மட்டுமே சாட்சியாக மிஞ்சும் நாள் வரலாம். கணினியின் எந்தப் பாகத்தையும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அதனால்தான் பழுது பார்க்கும் பேச்சை எடுப்பதற்கு முன்னால் இவ்வளவு நேரம் படங்களைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது விரலில் ஏறும் அந்தச் சுருக். இதை நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. கணினிக்கு மின்சாரம் மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் இரண்டு, மின்கம்பிகளுக்கும் கேபினட்டின் இரும்புக்கும் இடையே இருக்கும். எர்த் இணைப்பு ஒழுங்காக இருந்தால் அவற்றின் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினட்டின் மேல் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று மட்டும் தெரிகிறது. அந்த நிலையில் டிவியையோ பிரிண்டரையோ கேபிளால் இணைத்தால் துளையும் அதன் பின்னால் இருக்கும் சிப்பும் எரிந்துபோகலாம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் வேறு பழுது வந்தால் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து.

முதலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திறந்து பாருங்கள். மூன்று துளை இருக்கும், உள்ளே இரண்டு கம்பிதான் வந்திருக்கும். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் குறை அங்கேயே கிடைத்துவிடுகிறது. பாக்ஸ் சரியாக இருந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வருவதும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வருவதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. நம் பக்கம் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. மண் ஆழம் இல்லாத இடத்தில் போட்ட எர்த் குழி கோடையில் காய்ந்து வேலை செய்யாமல் போகும். குழியில் தண்ணீர் ஊற்றுவதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் இரண்டாவது குழி எடுத்து இரண்டையும் இணைக்கச் சொல்லுங்கள். எர்த் சரியான பிறகுதான் நான் கீழே சொல்லும் மற்ற சோதனைகள்.

மாலையில் கணினி அணைவதற்கு வருவோம். அடுத்த முறை அணையும்போது மானிட்டரைக் கவனியுங்கள். மானிட்டரும் கேபினட்டும் ஒரே யூபிஎஸ்ஸில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து அணைந்தால் குற்றவாளி யூபிஎஸ். அதற்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் தாங்குவது அரிது. மாலையில் ஊரே விளக்கும் மிக்ஸியும் மோட்டாரும் போடும்போது வோல்டேஜ் ஒரு கணம் சரியும். யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும். பேட்டரி செத்திருந்தால் எல்லாம் அணையும். வீட்டு ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் கரண்ட் போகவில்லையே என்று நமக்குத் தோன்றும். பேட்டரியை மட்டும் மாற்றினால் தீரும் கோளாறு அது.

கேபினட் மட்டும் அணைந்து, மானிட்டர் சிக்னல் இல்லை என்று காட்டினால் எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்க்க வேண்டும். அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள், நன்றி. பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள சிறு கட்டத்தில் 12 வோல்ட் வரியில் 16 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. பெருக்கிப் பாருங்கள்: 192 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட் வரியிலிருந்துதான். உங்கள் பிராசஸரின் கணக்கு 84 வாட். தனி மின் இணைப்பு இல்லாத ஜிடிஎக்ஸ் 1650, மதர்போர்டுத் துளையிலிருந்து 75 வாட் வரை எடுக்கும். இரண்டும் சேர்ந்தாலே 159. ஹார்ட் டிஸ்க்கின் மோட்டார், ஃபேன்கள், மதர்போர்டில் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும்போது ஆகும் இழப்பு எல்லாம் சேர்த்தால் எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதுவும் புதிதாக இருந்தபோது இருந்த எல்லை. பத்தாண்டுக்கு மேல் சூட்டில் வெந்த கெபாசிட்டர்களால் இப்போது அவ்வளவு தர முடியாது. கார்டு இல்லாதவரை ஓடியது, கார்டு வந்ததும் விழுகிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். கூடவே மாலையில் உள்ளே வரும் வோல்டேஜும் சரிகிறது.

இதை உறுதிப்படுத்த விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அணைந்த நேரத்தில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஒழுங்காக அணைக்காமல் நின்றது என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்லாது. ஆனால் அதன் விவரத்தில் பக்செக் கோட் சுழியமாக இருந்தால், விண்டோஸ் தடுமாறி நீலத்திரை காட்டக்கூட நேரமில்லாமல் மின்சாரமே நின்றிருக்கிறது என்று கொள்ளலாம். சூடும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால் எச்டபிள்யூமானிட்டரில் பிராசஸரின் வெப்பத்தைப் பாருங்கள். முழு வேலையில் 70, 80 டிகிரி என்றால் கவலை இல்லை. 95ஐத் தாண்டினால் ஹீட்சிங்க்கைக் கழற்றி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைக்க வேண்டும். மாட்டும்போது நான்கு பிளாஸ்டிக் ஊசிகளும் அடியில் வெளிவந்து பிடித்திருக்கின்றனவா என்று பின்னால் பாருங்கள். செம்மண் புழுதியை பிளோயரால் ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் வேகமாகச் சுற்ற விட்டால் அதன் பேரிங் கெடும்.

எஸ்எம்பிஎஸ் வாங்குவதானால் 80 பிளஸ் சான்று உள்ள, 12 வோல்ட் வரியில் குறைந்தது 30 ஆம்பியர் தரும் 450 வாட் போதும். கடையில் வாட்டைக் கேட்காதீர்கள், ஸ்டிக்கரைக் காட்டச் சொல்லுங்கள். பழையதைத் திறந்து பார்க்க மட்டும் ஆசைப்பட வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். இந்த முழு மேம்படுத்தலில் முதலில் வாங்கியிருக்க வேண்டியது எஸ்எம்பிஎஸ்தான் என்பது என் கருத்து. வேகமாக ஓட வைக்கும் பாகங்களைத்தான் கடையில் எடுத்துக் காட்டுகிறார்கள், இதை யாரும் காட்டுவதில்லை.

காலையில் திரை வராததற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கலாம். தேதி பழைய ஆண்டுக்குப் போகிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. அது 3 வோல்ட் பேட்டரி, வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும். ஏன் காலையில் மட்டும்? இரவில் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பகலில் கணினி அணைந்திருந்தாலும் சுவர் சுவிட்ச் போட்டிருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒரு சிறு மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் பயாஸ் தன் அமைப்புகளை மறக்காது. இரவு முழுவதும் அது இல்லாமல் போகும்போது எல்லாம் அழிந்து, காலையில் பிறந்த குழந்தைபோல் முதலிலிருந்து தொடங்குகிறது. ரேமை அடையாளம் கண்டு பழக்குவதும் மறுபடி நடக்கும்; இரண்டு வெவ்வேறு ரேம் இருந்தால் அந்த இடத்தில்தான் தடுமாறும். மகள் இணையத்தில் படிவம் நிரப்பும்போது பாதுகாப்பான இணைப்பு இல்லை என்ற எச்சரிக்கை வந்ததாகச் சொன்னீர்கள். தவறான தேதிதான் அதற்கும் காரணமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, மானிட்டருக்குப் போகும் சிறு மாற்றி. ஜிடிஎக்ஸ் 1650இல் விஜிஏ துளை கிடையாது. உங்கள் மானிட்டரில் விஜிஏ மட்டுமே. அதனால் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் ஒரு துண்டைப் போட்டிருக்கிறீர்கள். கணினி கிளம்பும் முதல் நொடிகளில், எதிரே என்ன மானிட்டர் இருக்கிறது என்று கார்டு கேட்கும். மலிவான மாற்றிகள் சில நேரம் பதில் சொல்வதில்லை. கணினி ஓடிக்கொண்டிருக்கும், திரை மட்டும் இருட்டாக இருக்கும். கார்டைத் திரும்ப மாட்டிய பிறகு ஒரு காலையில் வீட்டு டிவியை எச்டிஎம்ஐ கேபிளால் நேராக இணைத்துப் பாருங்கள், எர்த் சரியான பின்னால் மட்டும். டிவியில் படம் வந்தால் மாற்றியை மாற்றினால் போதும்.

ரேமைச் சோதிப்பதற்கு மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். மகள் படித்து முடித்துத் தூங்கப் போன பிறகு தொடங்கிவிட்டு, காலையில் பாருங்கள். முதல் இரவு பழைய ரேம் மட்டும், அடுத்த இரவு புதியது மட்டும், மூன்றாம் இரவு இரண்டும் சேர்த்து. ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். ஒன்றுதானே என்று விடக் கூடாது. தனித்தனியே தேறி, சேர்ந்தால் மட்டும் பிழை வந்தால், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று பொருள்; பயாஸில் வேகத்தை 1600இலிருந்து 1333க்குக் குறைத்துப் பாருங்கள். தங்க நிறக் கால்களை பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர்க் கடைகளில் வழக்கம். மெதுவாகச் செய்யலாம், ஆனால் துகள் ஒன்றுகூடத் துளைக்குள் விழாமல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். மலிவு விலை 8 ஜிபி டிடிஆர்3 ரேம்களில் ஏஎம்டி மதர்போர்டில் மட்டும் வேலை செய்யும் வகை ஒன்று சந்தையில் உண்டு. உங்களுடையது அதுவாக இருந்தால் கடைக்காரரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். இன்டெல் எச்81 என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். அந்த மதர்போர்டில் இரண்டே ரேம் துளைகள், மொத்தம் 16 ஜிபிதான் உச்சம். அதற்கு மேல் இந்தக் கணினியில் ரேமுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் மாறி, ரேம் தேறிய பிறகு கிராபிக்ஸ் கார்டைத் திரும்ப மாட்டுங்கள். ஜிபியூ-இசட் என்ற மென்பொருளைத் திறந்து, 896 ஷேடர், 4 ஜிபி என்று வருகிறதா பாருங்கள். பழைய கார்டில் புதுப் பெயரை எழுதி விற்பது நடக்கிறது. அப்படிப்பட்ட போலிகள் பலவற்றை அந்த மென்பொருள் அடையாளம் காட்டிவிடும்.

மெஷ்ரூமும் உங்களுக்கு ஒரு சோதனைக் கருவிதான். அது படிப்படியாகப் போகும்: படங்களில் பொதுப்புள்ளிகளைத் தேடும், கேமரா நின்ற இடங்களைக் கணிக்கும், ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டும் ஆழ வரைபடம் எடுக்கும், வலையாகப் பின்னும், மேலே நிறம் பூசும். ஆழ வரைபடத்துக்கு மட்டும்தான் என்விடியா கார்டு கட்டாயம். அந்த இடத்தில் அணைந்தால் மின்சாரமோ கார்டோ காரணம். வலை பின்னும் இடத்தில் மென்பொருள் மூடிக்கொண்டால் ரேம் போதவில்லை. படத்தைச் சிறிதாக்கி எடுத்துக்கொள்ளும் டவுன்ஸ்கேல் அமைப்பு ஆழ வரைபடத்துக்கு வழக்கமாக 2இல் இருக்கும். அதை 4 ஆக்குங்கள். ஒரு நடுகல்லின் உருவத்துக்கு அந்த அளவு நுணுக்கம் போதும், கணினிக்கும் பாரம் வெகுவாகக் குறையும். முடிந்த படிகளைக் கேஷ் என்ற கோப்புறையில் அது சேர்த்துவைக்கும் என்பதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தக் கோப்புறை எஸ்எஸ்டியில் இருக்கட்டும். மூலப் படங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். மகளுக்குக் கணினி வேண்டிய மாலை நேரத்தில் இந்த வேலையை ஓட்டாமல் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள். வோல்டேஜும் அப்போது நிலையாக இருக்கும்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்ததில் இன்னொன்றும் தோன்றியது. கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். வேடியப்பனாக வழிபடப்படும் கற்கள் எண்ணெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன. கேமரா நகர நகர அந்தப் பளபளப்பும் இடம் மாறுவதால் மென்பொருள் அதைப் பொதுப்புள்ளி என்று நம்பி ஏமாறும். உருவத்தில் நீங்கள் காட்டிய பள்ளங்களுக்கு அது காரணமாக இருக்கலாம். கணினியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கல்லைத் துடைக்கவும் கூடாது, அது ஊராரின் சாமி. மேகமூட்டமான நாளில் எடுங்கள், அல்லது கல்லுக்கு வெயில் படாதபடி வெள்ளைத் துணியை உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அடுத்தடுத்த படங்களில் முக்கால் பங்கு காட்சி பொதுவாக இருக்கட்டும். வட்டெழுத்தைப் படிப்பதற்குக் காலைச் சாய்வெயில்தான் நல்லது என்று நீங்கள் பழகியிருப்பீர்கள். அது தனிப் படம். முப்பரிமாணத்துக்கு நிழல் இல்லாத வெளிச்சமே வேண்டும். உருவம் தயாரான பிறகு மென்பொருளுக்குள்ளேயே விளக்கை எந்தப் பக்கமும் சாய்த்து எழுத்தைப் படிக்கலாம்.

விண்டோஸ் பற்றி: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனாளர்களுக்கான கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீளும். விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், உங்களுடையது நான்காம் தலைமுறை. சோதனையைத் தாண்டி நிறுவும் குறுக்குவழிகள் உண்டு. குழுவின் பணக்கணக்கு இருக்கும் கணினியில் அதை நான் செய்ய மாட்டேன். எஸ்எஸ்டியில் லினக்ஸ் மின்ட் போடுவதே நல்ல வழி என்று நினைக்கிறேன். மெஷ்ரூம் லினக்ஸிலும் ஓடும், என்விடியா டிரைவரும் கிடைக்கும், தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. எக்செல் கோப்புகளை லிப்ரே ஆபீஸ் திறக்கும். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பதால் உங்கள் மனைவி தன் கணக்குத் தாளை அதில் திறந்து, கூட்டல் சரியாக வருகிறதா என்று பார்த்துச் சம்மதித்த பிறகு நிறுவுங்கள். ஆண்டுத் தணிக்கை நடக்கும் மாதத்தில் மட்டும் வேண்டாம்.

இப்போதைக்கு வாங்க வேண்டியவை ஒரு சிஆர்2032 பேட்டரி, சாட்டா கேபிள் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று, எஸ்எம்பிஎஸ். யூபிஎஸ் பேட்டரியும் எச்டிஎம்ஐ-விஜிஏ மாற்றியும் சோதனைக்குப் பிறகு. எல்லாமே தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கிடைக்கும். இதற்காகப் பெங்களூரு போக வேண்டாம். எர்த் அளவுகள், சி5, சி7 எண்கள், மூன்று இரவு மெம்டெஸ்ட் முடிவுகள் இவற்றை எழுதி அனுப்புங்கள். புது ரேமின் ஸ்டிக்கரையும் இரு பக்கமும் படமெடுத்து அனுப்பினால், கடையில் மாற்றக் கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.